எந்த ஊரு, தம்பி?

சைக்கிளில் இந்தியாவைக் கடந்தவர்கள் எழுதும் கட்டுரைகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். டயர் பஞ்சராகும். ஆளரவம் இல்லாத சாலையில் ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி வருவார். தாபாவில் சாப்பிட்டதற்குக் காசு வாங்க மாட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு அம்மா கூப்பிட்டுச் சோறு போட்டு, திண்ணையில் பாயும் விரித்துக் கொடுப்பார். கடைசிப் பத்தியில் ‘மனிதம் இன்னும் சாகவில்லை’ என்று வரும். வார்த்தை கொஞ்சம் மாறலாம், வந்து சேரும் இடம் மாறாது.

அந்தக் கடைசி வரிக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அந்தத் தகுதி உண்டு. அப்படி ஒரு கட்டுரையை நானே எழுதியிருக்கிறேன், அதே வரியில் முடித்திருக்கிறேன், அதற்கு நிறையப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். என்னோடு அத்தனை தூரமும் சைக்கிள் மிதித்த நண்பன் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதம் பேசவில்லை.

பயணம் இதுதான். நவம்பர் நடுவில் ஸ்ரீநகரில் கிளம்பி, தை மாதக் கடைசியில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் முடித்தோம். பெரும்பகுதி என்.எச். 44 வழியாக. நாமக்கல்லில் அந்தச் சாலையை விட்டு திருச்சி, புதுக்கோட்டை, அறந்தாங்கி, மீமிசல். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை: தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன். நாங்கள் இரண்டு பேருமே இந்த ஜில்லாக்காரர்கள். வீட்டுக்குத் திரும்பி வருவது மாதிரி முடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் இடைநிலைச் சாதிக்காரன். அவன் காலனி. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து எங்களுக்குள் ‘மாப்ள’தான். பெண் கொடுத்து எடுக்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுகிற வார்த்தை அது. அவன் தெருவுக்கும் என் தெருவுக்கும் நடுவே அப்படி ஒரு கல்யாணம் நடந்தால் எத்தனை போலீஸ் வேன் வந்து நிற்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். இருந்தாலும் ‘மாப்ள’தான்.

*

பயணத்தேதியை முடிவு செய்தது அவன்தான். “செப்டம்பர், அக்டோபர்ல நம்ம ஜில்லாக்குள்ள வர வேணாம் மாப்ள. தை மாசம் வந்து சேருற மாதிரி வச்சுக்குவோம்” என்றான். வடகிழக்குப் பருவமழையை யோசித்துச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கட்டுரையில்கூட அவனுடைய வானிலை அறிவைப் புகழ்ந்து இரண்டு வரி எழுதினேன்.

செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி. 1957-இல் முதுகுளத்தூர் கலவரக் காலத்தில் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய நினைவு நாளில், 2011-இல், அதே பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த வருஷம் என் நண்பன் ஒன்பதாம் வகுப்பு. அந்த இரண்டு மாதங்களில் எங்கள் ஜில்லாவில் தடை உத்தரவும் செக்போஸ்ட்டும் வருஷா வருஷம் வருகிறவை. எந்த ரோட்டில் எந்த நேரத்தில் போகலாம், எந்த ஊருக்குள் வண்டியை நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். இதெல்லாம் எனக்குத் தெரியாத செய்தி இல்லை. நானும் அதே ஜில்லாவில் வளர்ந்தவன்தான். ஆனால் பயணம் என்று வந்ததும் எனக்கு மழை மட்டும்தான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் 1936-இலிருந்து முப்பது வருஷம் ‘கிரீன் புக்’ என்று ஒரு கையேடு வந்துகொண்டிருந்தது. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் ஆரம்பித்தது. கார் வைத்திருக்கும் கறுப்பின மக்கள் எந்த ஊரில் தங்கலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் கொடுப்பார்கள் என்று அதில் பட்டியல் இருக்கும். கார் இருந்தது, சாலை இருந்தது, பணமும் இருந்தது. ஆனாலும் அந்தப் புத்தகம் இல்லாமல் கிளம்ப முடியாது. நம் ஊரில் அப்படி ஒரு புத்தகத்தை யாரும் அச்சடிக்கவில்லை. அது என் நண்பன் மாதிரி ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு வருபவனுக்கே தெரியாமல் அவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள்.

*

வடக்கே அவன் வேறு ஆளாக இருந்தான். பேச்சு, பாட்டு, தெரிந்த நாலு இந்தி வார்த்தையை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் வம்பு. பஞ்சாபில் குருத்வாராக்களில் தங்கினோம். லங்கரில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். “யாரும் ஒன்னும் கேக்கலல்ல மாப்ள” என்று அன்று ராத்திரி இரண்டு தடவை சொன்னான். பஞ்சாபில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. தலித்துகளுக்கென்று தனிக் குருத்வாராக்கள் இருக்கும் மாநிலம் அது. எங்களைப் படிக்கத் தேவையான எழுத்து அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான். அவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் மதராசி.

இந்தி பேசும் மாநிலங்களில் சிலர் ‘பூரா நாம்?’ என்று முழுப் பெயரைக் கேட்டார்கள். எங்கள் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னோம். அதிலிருந்து ஒன்றும் பிடிபடாமல் விட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்ட மண் நம்முடையது என்று ஒரு பத்தி எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. பெயரில் இருந்த வாலை வெட்டினோம். ஆனால் ஆளைப் படிக்கும் பழக்கம் போகவில்லை. அது பெயரை விட்டுவிட்டு ஊருக்குள்ளும் தெருவுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

கிருஷ்ணகிரியில் தமிழ் போர்டுகள் வர ஆரம்பித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு டீக்கடையில் தமிழ். அங்கிருந்து தெற்கே வரவர எனக்கு உற்சாகம் ஏறியது, அவனுக்குப் பேச்சு குறைந்தது. அசதி என்று நினைத்தேன். புதுக்கோட்டை தாண்டி கடற்கரைக்கு வந்ததும் இன்னும் மோசம். ஒவ்வொரு டீக்கடையிலும் அதே கேள்வி: “எந்த ஊரு, தம்பி?”

எனக்கு அது தாய்மொழி. அவனுக்கு அது செக்போஸ்ட்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ‘எந்த ஊரு’ என்பது முதல் கேள்வி. ‘அந்த ஊர்ல எந்தப் பக்கம்?’ இரண்டாவது. ‘யாரு மகன்?’ மூன்றாவது. ‘அங்கன இன்னார் நமக்குச் சொந்தம்தான், தெரியுமா?’ நாலாவது. நாலு கேள்வியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். சாதி என்ற வார்த்தையை ஒருத்தரும் வாயால் சொல்லியிருக்க மாட்டார். நான் முதல் கேள்விக்கே ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவேன். அவன் “மதுரை” என்பான். “மதுரைல எங்கன?” என்றால் “தல்லாகுளம் பக்கம்” என்பான். பெரிய ஊருக்குள் ஆள் ஒளிந்துகொள்ளலாம். எதற்காக மதுரை என்று சொல்கிறான் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பெயர் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

நான் எழுதிய கட்டுரையின் உச்சம் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு ஊரில் நடந்தது. சாயங்காலம். சைக்கிளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டித் தண்ணீர் கொண்டுபோன ஒரு பெரியவர், எங்கள் வண்டிகளைப் பார்த்துவிட்டு நின்றார். கேள்விகள் வந்தன. நான் ஊரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அட, நம்ம பய” என்றார். பிறகு நண்பனைப் பார்த்து, “தம்பியும் நம்ம ஆளுகதானா?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ராத்திரி அவர் வீட்டில் சாப்பாடு. அப்பத்தா மீன்குழம்பு ஊற்றி, “இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு அப்பு” என்று அவன் தட்டிலேயே அதிகமாகப் போட்டார். கூடத்தில் பாய். காலையில் கிளம்பும்போது கருப்பட்டி கட்டிக் கொடுத்தார்கள். இத்தனையும் நான் எழுதினேன். அந்தப் பெரியவரின் இரண்டாவது கேள்வியையும் என் தலையாட்டலையும் மட்டும் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டதுகூட இல்லை. எழுத உட்கார்ந்தபோது அது ஞாபகத்திலேயே வரவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

எட்டு மாதம் கழித்து அவன் சொன்னான்: “அந்த வீட்ல நான் ஒரு வாய்கூட நிம்மதியா சாப்பிடல மாப்ள. அந்தக் கிழவி பாசமாப் போடப் போட எனக்கு வயித்தக் கலக்குச்சு. வேற யாராச்சும் வந்து என்னய அடையாளம் கண்டுட்டா அந்தப் பாசம் என்னாகும்னு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். ராத்திரி ஒன்னுக்கு வந்தும் எந்திரிச்சுப் போகல. நீ நல்லாக் கொறட்ட விட்ட.”

ஒரே கூடம், ஒரே குழம்பு, பக்கத்தில் பக்கத்தில் பாய். அதில் எனக்கு மனிதம் கிடைத்தது. அவனுக்குக் கிடைத்தது விடியும்வரை முழிப்பு.

*

இந்த நாட்டில் பயண இலக்கியம் என்றால் நான் முதலில் வைக்கும் புத்தகம் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. அளவில் சின்னது. பயணக் கட்டுரைப் பட்டியல் எதிலும் அதை நான் பார்த்ததில்லை. 1901-இல் சிறுவனாக, அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் மசூர் ஸ்டேஷனில் இறங்கியபோது, மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. இரட்டைக் கட்டணம் கொடுத்து, பிள்ளைகளே மாட்டுவண்டியை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். கையில் சாப்பாடு இருந்தும், குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் பசியோடு படுத்தார்கள். பிறகு, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பின் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல், ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்றார்கள்.

என் நண்பன் சொன்ன ‘தல்லாகுளம்’ அந்தப் பார்சிப் பெயர்தான். நூறு வருஷத்துக்குப் பிறகும் அது தேவைப்படுகிறது.

1923-இல் மும்பையிலிருந்து ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பம்காரா என்ற பார்சி இளைஞர்கள் நண்பர்களோடு சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அவர்கள் மூவரும் 1928-இல் சுற்றி முடித்து ஊர் திரும்பினார்கள். பெரிய சாதனை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலகத்தைச் சுற்ற சொந்தப் பெயரே போதுமாக இருந்த ஒரு கூட்டமும், ஒரு விடுதியில் பத்து நாள் தங்க இன்னொருத்தர் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருந்த ஒரு மனிதரும் ஒரே காலத்தில், ஒரே சாலைகளில் இருந்தார்கள். சைக்கிள் பயணம் எழுதுகிறவர்கள் முதல் கதையைத்தான் தங்கள் முன்னோடி என்கிறார்கள். இரண்டாவதை ‘அரசியல்’ அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

சைக்கிளும் அப்படி ஒன்றும் அப்பாவிப் பொருள் அல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தீண்டாமை பற்றி ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கும் வழக்கங்களில் ஒன்று, ஊர்த்தெருவில் தலித்துகள் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது. என் நண்பனுடைய தாத்தா அப்படி உருட்டிக்கொண்டு போனவர். அரசுப் பள்ளிகளில் இலவச சைக்கிள் திட்டம் 2001-02-இல் முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத்தான் வந்தது. அவனுடைய அக்காவுக்குக் கிடைத்தது. அந்த சைக்கிளில்தான் அவன் குரங்குப்பெடல் போட்டுப் பழகினான். அதே சைக்கிளில் அக்கா ஊர்த்தெரு வழியாக இறங்காமல் ஓட்டிக்கொண்டு போன அன்றைக்கு வீட்டில் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்களாம். நாங்கள் கடந்து வந்த புதுக்கோட்டையில் 1991-92-இல் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது. லட்சம் பெண்களுக்கு மேல் கற்றார்கள் என்று எழுதியிருக்கிறார் பி. சாய்நாத். அந்த அக்காவின் அரை கிலோமீட்டரையும் புதுக்கோட்டைப் பெண்களையும் விட்டுவிட்டு சைக்கிளுக்கு ஒரு வரலாறு கிடையாது. ஸ்ரீநகரிலிருந்து நான் மிதித்த தூரம் அந்த அரை கிலோமீட்டருக்குப் பக்கத்தில்கூட வராது.

*

இனி, இதைப் படிக்கிறவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள்.

‘அந்தக் கிழவி போட்ட சோறு பொய்யா?’ பொய் இல்லை. அந்த அன்பு நிஜம். அதை நான் இழிவு செய்யவில்லை. ‘நம்ம பய’ என்று நினைத்ததால் வந்த அன்பு அது என்பதும் நிஜம். தெரிந்திருந்தாலும் அதே அப்பத்தா அதே குழம்பை ஊற்றியிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவரிடமிருந்து பிடுங்கியது என் தலையாட்டல்தான். சோதித்தே பார்க்காத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு நாட்டுக்கே நற்சான்றிதழ் எழுதினேன் பாருங்கள், அதைத்தான் பொய் என்கிறேன்.

‘எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கணுமா?’ நான் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்தது. சாதியைப் பார்க்காமல் நாட்டைக் கடக்க முடிகிறவர்கள் உண்டு. அப்படிக் கடக்க முடிவதே ஒரு சாதிக்குக் கிடைக்கும் சலுகை. பெண் தோழிகளைக் கேளுங்கள், அவர்களுடைய கணக்கு இன்னொரு விதம். ‘முன்பின் தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் படுத்தோம்’ என்ற வரியை அவர்களால் எவ்வளவு லேசாக எழுத முடியும்?

‘அப்படியானால் உன் நண்பனே எழுதட்டுமே?’ நானும் அவனிடம் இதையே கேட்டேன். “நான் எழுதினா சாதிக் கட்டுரைம்பாங்க மாப்ள. நீ எழுதினாத்தான் பயணக் கட்டுரை” என்றான். இதைத் தாண்டி எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை அவனுக்கு அனுப்பினேன். இரண்டு விஷயங்களை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்றான்.

*

கடைசி நாள். ராமநாதபுரத்திலிருந்து கிளம்பும்போதே எதிர்க்காற்று. உச்சிப்புளி தாண்டினால் இரண்டு பக்கமும் பனை, மணல், கருவேலம். மண்டபத்தில் அகதிகள் முகாமைப் பத்து நிமிஷத்தில் கடந்தோம். ‘மறுவாழ்வு முகாம்’ என்று இப்போது பெயர். தலைமன்னார் பக்கத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தக் கடலைக் கடந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து இன்னும் குடியுரிமை கிடைக்காதவர்களும் முகாமில் இருக்கிறார்கள். வெளியூர் போய்த் தங்க அனுமதி, பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும் என்ற கணக்கு. ‘நாட்டைக் கடந்தேன்’ என்று மார்தட்டுகிறவன் மண்டபத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வது நல்லது. என் பழைய கட்டுரையில் மண்டபம் என்ற பெயர் ஒரே ஒரு தடவை வருகிறது, டீ குடித்த இடமாக.

பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று சைக்கிளைத் தள்ளியது. இறங்கி உருட்டினோம். 1988-இல் இந்தப் பாலம் வரும்வரை தீவுக்குச் சாலையே கிடையாது, ரயில்தான். பாதிப் பாலத்தில் அவன் சிரித்தான். “தாத்தாவும் உருட்டுனாரு, நானும் உருட்டுறேன்” என்றான். பாலத்தில் போன எல்லாருமே போட்டோ எடுக்க இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தான் என்று எனக்கு அப்போது முழுசாகப் புரியவில்லை.

அரிச்சல்முனையில் தூண் முன்னால் இரண்டு சைக்கிளையும் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்தோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், இடிந்த சர்ச், வாழத் தகுதியில்லை என்று அரசு சொன்ன மணலில் இன்னும் வாழும் மீனவர்கள். இதையெல்லாம் எல்லாரையும் போல நானும் உருகி உருகி எழுதினேன். அழிந்த ஊரைப் பற்றி எழுதுவது சுலபம். அது யாரையும் ‘எந்த ஊரு’ என்று கேட்காது.

ஆகவே இந்த வகைக் கட்டுரை எழுதப்போகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். எத்தனை கிலோமீட்டர், என்ன கியர், எத்தனை பஞ்சர் என்று எழுதுகிறீர்கள். ‘எந்த ஊரு, தம்பி?’ என்று கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். கூட வந்தவர் என்ன சொன்னார் என்பதையும். யார் முதலில் பேசினீர்கள், யார் பின்னால் நின்றீர்கள் என்பதையும். அதை எழுதிவிட்டுப் பிறகும் ‘மனிதம்’ என்ற சொல் மிச்சமிருந்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருகிற தையில் நாங்கள் மறுபடி போகிறோம். இந்தத் தடவை நாட்டின் குறுக்கே எல்லாம் இல்லை. ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி. சைக்கிளுக்கு மிஞ்சிப்போனால் இரண்டு நாள். நாலு நாள் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறான். அவன் போட்ட நிபந்தனை இதுதான்:

“இந்தத் தடவ டீக்கடைல நீ வாயத் தொறக்காத, தலையவும் ஆட்டாத. நான் பேசுறேன். ஊரும் சொல்வேன், தெருவும் சொல்வேன். சோறு கிடைக்குதா பாப்போம்.”

கிடைத்தால் அதையும் எழுதுகிறேன்.